ஐம்பதுக்கு ஒன்று

செல்லப்பாவின் வயிற்றெரிச்சலுக்குத் தேதி, நேரம், இடம் மூன்றும் உண்டு. தசரா விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, காலை எட்டே கால், செகந்திராபாத் அல்வால் மெயின் ரோட்டு சிக்னல். மகள் வர்ஷினியைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேகம்பேட்டில் இருக்கும் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் புகாரைப் போனில் வாங்கிக்கொள்வது அவர் வேலை. சிக்னலில் சும்மா நிமிர்ந்து பார்த்தார். மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் டை கட்டி, கையைக் கட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவன் மேல்வீட்டு சிலாஸின் மகன் நோவா.

‘கணிதத்தில் 200% வளர்ச்சி! ஊர்த்வா டெக்னோ ஸ்கூலின் பெருமை!’ என்று அவன் மார்புக்குக் கீழே எழுதியிருந்தது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்த ஆட்டோக்காரர் தெலுங்கில் ரெண்டும் உருதுவில் ரெண்டுமாகத் திட்டிய பிறகுதான் செல்லப்பா நகர்ந்தார்.

நோவாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கமான பையன். படியில் பார்த்தால் ‘நமஸ்தே அங்கிள்’ என்பான். ஆனால் காலும் காலும் சேர்ந்தால் அரை என்பதை அவனுக்குப் புரியவைக்க வர்ஷினி ஒரு பாக்கெட் உஸ்மானியா பிஸ்கட்டை உடைத்து உடைத்துக் காட்டி, முடியாமல் போய், இருவருமாக அதைத் தின்று தீர்த்தது போன மாதம்தான். அவனுக்கு ஃப்ளெக்ஸ். அதே வகுப்பில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிய வர்ஷினிக்கு ஒரு நோட்டீஸ் போர்டு மூலைகூட இல்லை. இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல?

இங்கே ஊர்த்வா பள்ளியின் முறையைச் சொல்லிவிட வேண்டும். அங்கே மார்க்கைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மார்க் என்பது அநாகரிகம். அவர்கள் பார்ப்பது வளர்ச்சியை. ஏழாம் வகுப்பில் அரை வருஷத்துக்கு இரண்டு தேர்வு. முதலில் அடித்தளத் தேர்வு, பிறகு வளர்ச்சித் தேர்வு. இரண்டிலும் விகிதம், பின்னம், சதவீதம் பற்றி ஐம்பது கேள்வி. கேள்விக்கு நாலு விடை. சரியானதற்குரிய வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். முதல் தேர்வைவிட இரண்டாவதில் எத்தனை சதவீதம் கூடியது என்பதுதான் குழந்தையின் வளர்ச்சி. நோவா முதலில் நாலு, பிறகு பன்னிரண்டு. இருநூறு சதவீதம். வர்ஷினி முதலில் நாற்பத்தெட்டு, பிறகு ஐம்பது. நாலு புள்ளி ஒன்று ஏழு சதவீதம்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் சந்திப்பு. சந்திக்கும் நேரமும் வளர்ச்சிப்படிதான். பத்து நிமிடம் அடிப்படை. அதில் உங்கள் குழந்தை எத்தனை சதவீதம் வளர்ந்ததோ அத்தனை சதவீதம் உங்களுக்கு.

“நமக்கு எவ்வளவு நேரம் வரும்மா?” என்று ஸ்கூட்டரில் போகும்போது கேட்டார் செல்லப்பா.

“ட்வென்டி ஃபைவ் செகண்ட்ஸ் பா.”

“யோசிக்காமச் சொல்லுத?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எந்துக்கு அடுகுதுன்னாரு?” என்றாள் வர்ஷினி. ஏன் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். வீட்டில் கோவில்பட்டித் தமிழ் கேட்டு வளர்ந்தவள்; பதில் மட்டும் எந்த பாஷையில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

வளர்ச்சி டீன் அனந்தராமன் அறைக்குள் சிலாஸ் குஷன் நாற்காலியில் உட்கார்ந்து பாதாம் பால் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபது நிமிடம். செல்லப்பாவுக்கு ஒரு முக்காலி. பக்கத்தில் ஒரு பெண் ஸ்டாப்வாட்சுடன் நின்றாள்.

“வணக்கம் சார். வாங்க, உக்காருங்க. ஊர்ல எல்லாம் சௌக்கியமா?” என்றார் டீன்.

“சௌக்கியம் சார். என் பொண்ணு விஷயமா...”

“டைம் முடிஞ்சது சார்,” என்றாள் ஸ்டாப்வாட்ச்.

செல்லப்பா முக்காலியிலிருந்து எழுந்தார். அப்போதுதான் சிலாஸ் அந்தக் கொடுமையைச் செய்தார். சிலாஸ் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத். அவர் ரயில்வேயில் வேலை. யாரையும் ‘ப்ரதர்’ என்றுதான் கூப்பிடுவார்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். “ப்ரதர், டென்ஷன் கைக்கு, எதுக்கு? நம்மகிட்ட டைம் நிறைய கிடக்கு. அதுல ரெண்டு நிமிஷம் நீங்க எடுத்துக்கோங்க,” என்றார்.

தானம்! நாலு மார்க் வாங்கிய பையனின் அப்பனிடமிருந்து நேர தானம்! செல்லப்பாவுக்குக் காதில் புகை வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தார்.

“சார், என் பொண்ணு ஐம்பதுக்கு ஐம்பது.”

“அதுதான் சார் எங்களுக்கும் கவலை,” என்றார் அனந்தராமன், நெஞ்சில் கை வைத்து.

“அதுக்கு மேல எப்படி சார் வாங்க முடியும்?”

“பாத்தேளா? நீங்களே சொல்லிட்டேள். மேல போக இடமே இல்லாத குழந்தை. பன்னிரண்டு வயசுல முடிஞ்சே போச்சு. நோவாவைப் பாருங்கோ. அவனுக்கு முன்னாடி இன்னும் முப்பத்தெட்டு மார்க் காத்துண்டிருக்கு. வாழ்க்கையே காத்துண்டிருக்கு.”

“அப்போ முதல் டெஸ்ட்ல நாப்பத்தெட்டு வாங்கினது தப்பா சார்?”

“தப்புன்னு சொல்ல மாட்டேன். அவசரம்னு சொல்வேன். நாங்க சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருந்தா, இந்த ஸ்கூல் எதுக்கு சார்? நீங்க எங்களுக்கு ஒரு வாய்ப்பே தரல.”

திங்கட்கிழமையிலிருந்து வர்ஷினி ‘ஸ்டேபிள்’ பிரிவு என்றார் டீன். வளர்ந்தவர்கள் ‘ராக்கெட்’ பிரிவு. கணக்கு சொல்லித்தரும் ஸ்மிதா மேடம் இனி ராக்கெட்டுக்கு மட்டும். “வளர்ற செடிக்குத்தானே சார் தண்ணி ஊத்துவோம்?” ஸ்டேபிளுக்குப் பள்ளிப் பேருந்துகளின் ரூட் பார்க்கும் சார் வருவார். அந்தப் பிரிவுக்குக் கணக்கு அவசியமில்லை, அமைதிதான் முக்கியம் என்பது நிர்வாகத்தின் கொள்கை.

இதையெல்லாம் வர்ஷினி அப்பாவின் பக்கத்தில் நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஃப்ளெக்ஸுக்காக இல்லை. ஸ்மிதா மேடத்துக்காக. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பாலக்காட்டுப் பெண் ஸ்மிதா. நாலு பாஷையிலும் ‘ஏன்?’ என்று கேட்கத் தெரிந்தவர். விடையைச் சொன்னால் போதாது, ஏன் அப்படி என்று சொன்னால்தான் விடுவார். வர்ஷினிக்கு அந்த ‘ஏன்’ தான் பள்ளிக்கூடம். மற்றதெல்லாம் அவளுக்குப் பஸ் பயணம் மாதிரி, போய்த்தான் ஆக வேண்டும்.

சாயந்திரம் சிலாஸின் மனைவி ஜூடித் ரொட்டியை நெய்யில் வறுத்துப் பாலில் ஊறவைத்த டபுள் கா மீட்டா ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். நோவாவின் வளர்ச்சிக்காக. செல்லப்பா தின்றார். பிரமாதமாக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுவாரம் சிலாஸுக்கு ‘வளர்ச்சிப் பெற்றோர்’ என்று பட்டுத்துணிப் பட்டை போட்டு மேடையேற்றினார்கள். பிள்ளையை வளர்த்த ரகசியத்தைச் சொல்ல வேண்டுமாம். சிலாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாவமாக விழித்தார். “நான் ஒண்ணும் பண்ணல ப்ரதர்ஸ். காலைல ராகி ஜாவா குடிப்பான். அவ்ளோதான்,” என்றார். முந்நூறு பெற்றோர் குனிந்து எழுதிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, வெல்லம் போட்டா உப்புப் போட்டா என்று கேட்டார். அன்று மாலைக்குள் அல்வாலில் கேழ்வரகு மாவு தீர்ந்துபோனது. கடைசிப் பாக்கெட்டை வாங்கியவர் செல்லப்பா.

ரகசியம் உடைந்தது சாப்பாட்டு வேளையில். “அப்பா, நோவா என்ன பண்ணான் தெரியுமா? ஃபர்ஸ்ட் டெஸ்ட்ல ஒரு கொஸ்டின் விட்டுட்டு, எல்லா ஆன்சரையும் ஒரு லைன் மேல ஷேட் பண்ணிட்டான். அதான் ஃபோர். செகண்ட் டெஸ்ட்ல போர் அடிச்சு எல்லாத்துக்கும் ‘சி’ போட்டான். ட்வெல்வ்!” என்று சொல்லிவிட்டு வர்ஷினி சிரித்தாள். அம்மா தங்கமும் சிரித்தாள்.

செல்லப்பா சிரிக்கவில்லை. ரசம் ஊற்றிய சோற்றில் கை அப்படியே நின்றது. நோவாவின் பெருமை பன்னிரண்டில் இல்லை, நாலில் இருக்கிறது! முதல் தேர்வில் எவ்வளவு கீழே விழுகிறானோ அவ்வளவு ராஜா. அடுத்த அடித்தளத் தேர்வில் வர்ஷினி ஒரே ஒரு மார்க் வாங்கட்டும். பிறகு ஐம்பது வாங்கட்டும். போனை எடுத்துக் கணக்குப் போட்டார். நாலாயிரத்துத் தொள்ளாயிரம் சதவீதம். இன்னொரு தரம் போட்டார். அதேதான். சிலாஸைப் போல் இருபத்துநாலரை மடங்கு!

“ஜீரோ வாங்கினா?” என்று கேட்டார், ஆசை அடங்காமல்.

“ஜீரோவால டிவைட் பண்ணக் கூடாதுப்பா. ஸ்மிதா மேடம் சொல்லிருக்காங்க. நான் ஒன் கூட வாங்க மாட்டேன். தெரிஞ்ச ஆன்சரை எப்படித் தப்பாப் போடறது?”

“உனக்கு ஸ்மிதா மேடம் கிளாஸ் வேணுமா, வேண்டாமா?”

வர்ஷினி தட்டையே பார்த்தாள். “வேணும்,” என்றாள்.

குழந்தை தூங்கப் போனதும் தங்கம் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, அவகிட்ட மேடம் மேடம்னீகளே, உங்களுக்கு மேடமா வேணும்? அந்த போர்டுல சிலாஸ் அண்ணன் பையன் நிக்கான், நம்ம பிள்ளை நிக்கல. அதானே?”

“ஆமா, அதான்! பொறாமைதான்! போதுமா?” என்றார் செல்லப்பா. “நாலு மார்க்குக்காரன் சிக்னல்ல நின்னு தினம் என்னைப் பாத்துச் சிரிக்கான். எவனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.” வாய்விட்டுச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

பயிற்சி தொடங்கியது. அப்போதுதான் தெரிந்தது, ஒரு மார்க் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று. கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டாலே பன்னிரண்டு சரியாக வந்து தொலைக்கும். எது சரி என்று திட்டவட்டமாகத் தெரிந்தால்தான் அதைத் தவிர்க்க முடியும். ஆகவே வர்ஷினி முன்னைவிட அதிகமாகப் படித்தாள். எட்டில் மூன்று பங்கு என்றால் எத்தனை சதவீதம், பன்னிரண்டரை சதவீதம் என்றால் எந்தப் பின்னம், எல்லாம் விரல் நுனியில் வந்தது.

“ஒரு வகுப்புல பசங்களும் பொண்ணுங்களும் மூணுக்கு அஞ்சு. மொத்தம் நாப்பது பேர். பொண்ணுங்க எத்தனை?” என்பார் செல்லப்பா.

“ட்வென்டி ஃபைவ்.”

“அதைப் போடாத. பதினஞ்சு போடு. அது பசங்க எண்ணிக்கை. பாக்க நம்புத மாதிரி இருக்கும்.”

அவள் பதினைந்தைக் கறுப்பாக்குவாள். ஒவ்வொரு தடவையும் பேனாவை ஒரு நொடி சரியான வட்டத்தின்மேல் நிறுத்திவிட்டுத்தான் நகர்த்துவாள். செல்லப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வேகம் போதாது என்று நினைத்தார்.

இந்த யோசனை தனக்கு மட்டும் வந்தது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரமே தபால் நிலையத்துக்கு எதிரே ஒரு ட்யூஷன் சென்டரில் பலகை தொங்கியது: ‘அடித்தளக் குறைப்புச் சிறப்புப் பயிற்சி. மூன்று மார்க்குக்குக் கீழே உத்தரவாதம்.’ அல்வாலின் வரலாற்றிலேயே குழந்தைகள் விகிதமும் சதவீதமும் இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை. மொட்டை மாடிகளில், ஸ்கூல் வேன்களில், சர்ச் வாசலில், எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் சரியான விடையைக் கண்டுபிடித்து அதை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் அடித்தளத் தேர்வு நடந்தது. முடிவு வந்தது. ஏழாம் வகுப்பில் நூற்று இருபது பேர். பதினேழு பேர் பூஜ்யம். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று. வர்ஷினி ஒன்று. ட்யூஷன் சென்டர்க்காரர் வாசலில் பட்டாசு வெடித்தார்.

ஒரே ஒருவன்தான் பதினாலு. நோவா. பாவம், சிலாஸும் அவனுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். ஆனால் சரியான விடை எது என்று தெரியாத பிள்ளை எப்படி அதைத் தவிர்ப்பான்? போட்டதில் பதினாலு பட்டென்று சரியாகிவிட்டது. வகுப்பிலேயே அவன்தான் முதல் மார்க். அந்த அவமானம் தாங்காமல் சிலாஸ் படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பண்றது ப்ரதர். தப்பா போடுடான்னா அதைக்கூட ஒழுங்கா போட மாட்டேங்கிறான். இனி எத்தனை படிச்சாலும் முந்நூறு பர்சென்ட் தாண்டாது. உங்களுக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரமாமே?” என்றார். கண்ணில் பச்சையாகப் பொறாமை தெரிந்தது.

செல்லப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்குள் போய்த் தங்கத்தைக் கேசரி கிண்டச் சொல்லி, ஒரு டப்பா சிலாஸ் வீட்டுக்கு அனுப்பினார். முந்திரி கூடப் போடச் சொன்னார். அன்றைக்குப் படுத்தவர் விடியும்வரை புரளவே இல்லை.

ஆனால் பள்ளியின் தலைமை அலுவலகம் தூங்கவில்லை. அல்வால் கிளையின் சராசரி ஐம்பதுக்கு முப்பத்தொன்றிலிருந்து இரண்டுக்கு விழுந்துவிட்டது என்று அவர்களுடைய கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் சொன்னது. விசாரணைக் கூட்டம் போட்டார்கள். பெற்றோர் எல்லோரும் வந்தார்கள். மேடையில் அனந்தராமன். ஓரத்தில், விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்மிதா மேடம்.

“இங்க யாரையும் குத்தம் சொல்ல வரல,” என்று ஆரம்பித்தார் அனந்தராமன். “பொறுப்பை மட்டும் பங்கு பிரிக்கிறோம். அதுவும் நம்ம பாடத்திட்டப்படி, விகிதமா. ஆசிரியர், பெற்றோர், நிர்வாகம். தலைமை அலுவலகம் நிர்ணயிச்சிருக்கிற விகிதம், மூணுக்கு ஒண்ணுக்கு பூஜ்யம்.”

பெற்றோர் பக்கம் சலசலப்பு எழுந்தது. எங்களுக்கு எதற்கு ஒன்று என்று நாலைந்து குரல் கேட்டது.

“பெற்றோர் மனசு நோகக் கூடாது. திருத்திக்கறோம். நாலுக்கு பூஜ்யத்துக்கு பூஜ்யம்,” என்றார் அனந்தராமன். எல்லோரும் கை தட்டினார்கள்.

“நிர்வாகத்துக்கு ஏன் சார் பூஜ்யம்?” என்று கேட்டார் ஸ்மிதா.

“நிர்வாகம் விகிதத்துல இடம் பிடிச்சிருக்கே மேடம், அதுவே பெரிய பெருந்தன்மை. இடம் பெறாமலே இருந்திருக்கலாம்.”

ஸ்மிதா மேடம் மைக் இல்லாமலே பேசினார். “சார், ஒரு குழந்தையும் தெரியாம தப்பு பண்ணலை. கண்ணை மூடிட்டு ஷேட் பண்ணினாலே பன்னிரண்டு கிடைக்கும். ஒண்ணு கிடைக்கணும்னா நாற்பத்தொன்பது ஆன்சரும் தெரிஞ்சிருக்கணும். நான் ரஃப் ஒர்க் எல்லாம் பார்த்தேன். பின்பக்கம் சரியா போட்டிருக்காங்க, முன்பக்கம் தப்பா ஷேட் பண்ணியிருக்காங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு நல்லாக் கணக்குத் தெரியும்.”

“ரஃப் ஒர்க்கை கம்ப்யூட்டர் படிக்காது மேடம். கம்ப்யூட்டர் படிக்காததை நாங்களும் படிக்கறதில்லை,” என்றார் டீன்.

அப்போது சிலாஸ் எழுந்தார். “ஹவ் சார், ஆமா, மேடம் சொல்றது சச், நிஜம். பசங்க வேணும்னே போட்டிருக்காங்க. நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம். நானும் சொல்லிக்கொடுத்தேன், என் பையனுக்கு வரல. மேடத்தை ஒண்ணும் பண்ண நக்கோ, வேண்டாம் சார்.”

“பையன் பதினாலு வாங்கிட்டான்ல, வயித்தெரிச்சல்,” என்றார் பின்னால் யாரோ. சிரிப்பு பரவியது. சிலாஸ் உட்காரவில்லை. செல்லப்பாவைத் திரும்பிப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் ப்ரதர் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

அனந்தராமனும் திரும்பினார். “செல்லப்பா சார், நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துப்பா. உங்க பொண்ணுதான் போன தடவை ஐம்பது. இப்ப ஒண்ணு. வேணும்னே போட்டாளா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தேர்வு ரத்து. ஒன்று போய்விடும், நாலாயிரத்துத் தொள்ளாயிரம் போய்விடும், சிக்னலில் வரப்போகும் ஃப்ளெக்ஸும் போய்விடும். சிலாஸ் ஜெயித்துவிடுவார். ஸ்மிதா மேடம் செல்லப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

“இல்ல சார். அவளுக்குத் தெரியல,” என்றார்.

“அப்போ முன்னாடி மேடம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது சரியில்லைன்னு எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கலாம் சார்.”

அந்த வெள்ளிக்கிழமையோடு ஸ்மிதா மேடத்தை அனுப்பிவிட்டார்கள். வர்ஷினி அன்றைக்கு அழவில்லை. புத்தகப் பையை வைத்துவிட்டு, நோவா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று மேலே போனாள். திரும்பி வந்தவள் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. செல்லப்பாவுக்கு உள்ளூர உறுத்தியதுதான். ஆனால் வளர்ச்சித் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. உறுத்தலை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்.

சங்கராந்தி கழிந்து தேர்வு நடந்தது. “எப்படிம்மா எழுதின?” என்று கேட்டார். “எழுத நினைச்சதை எழுதினேன்பா,” என்றாள். அது போதாதா? செகந்திராபாத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் டை கட்டி, கை கட்டி அவளைப் படமெடுத்தார். கோவில்பட்டிக்குப் போன் போட்டு, மச்சான் ராமசுவாமியிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தார். சந்திப்புக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் சதவீதப்படி எட்டு மணி நேரம் பத்து நிமிடம் கிடைக்கும் என்று கணக்கிட்டு, ஆபீசில் முழு நாள் லீவு போட்டார். தங்கம் மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்தாள்.

பள்ளி முகப்பில் புது ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். பூஜ்யம் வாங்கிய பதினேழு பேரின் முகங்கள். பூஜ்யத்தால் வகுக்கத் தெரியாத கம்ப்யூட்டர் பதினேழு பேருக்கும் ‘#DIV/0!’ என்று பிழை காட்டியிருந்தது. அதையே ஒவ்வொரு முகத்தின் கீழும் தங்க எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். பெற்றோர்கள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள். “அது என்ன சார் வளர்ச்சி?” என்று ஒருவர் கேட்டதற்கு, “சதவீதத்துல அடங்காத வளர்ச்சி,” என்றார் அனந்தராமன்.

அரங்கத்தில் டீன் பேசினார். குரல் தழுதழுத்தது. “கிளைச் சராசரி ரெண்டுலேருந்து நாப்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதவீத வளர்ச்சி! நடுவுல நாம செஞ்ச மாற்றம் ஒண்ணே ஒண்ணுதான். கணக்கு டீச்சரை எடுத்தோம். வேற எதுவும் செய்யலை, அவங்களுக்குப் பதிலா ஆளும் போடலை. ஒரு டீச்சரை எடுத்ததுக்கே இத்தனை வளர்ச்சின்னா, மத்தவாளையும் எடுத்தா என்ன ஆகும்னு தலைமை அலுவலகம் ரொம்ப ஆர்வமா இருக்கு. ஸ்மிதா மேடம்தான் தடையா இருந்தாங்கன்னு இப்ப கணக்கே சொல்லிடுத்து. கணக்கு பொய் சொல்லாது.”

பலத்த கைதட்டல். செல்லப்பாவும் தட்டினார். பிறகு தயிர்சாதப் பையோடு டீன் அறை வாசலில் போய் நின்றார். ஸ்டாப்வாட்ச் பெண் பட்டியலைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“சார், உங்களுக்கு டைம் இல்லை,” என்றாள்.

“என்னம்மா சொல்லுத? எட்டு மணி நேரம் பத்து நிமிஷம். வர்ஷினி செல்லப்பா. நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன் சார். வர்ஷினி செல்லப்பா. அடித்தளம் ஒண்ணு. வளர்ச்சி ஒண்ணு. ஜீரோ பர்சென்ட். வழி விடுங்க சார், பின்னால ஆளு நிக்கறாங்க.”

பின்னால் நின்றவர் சிலாஸ். நோவா பதினாலிலிருந்து இருபத்தொன்று வாங்கியிருந்தான். இந்த முறை ஊகிக்காமல் அவனே கணக்குப் போட்டு வாங்கிய இருபத்தொன்று. சிலாஸுக்கு ஐந்து நிமிடம். இந்தத் தடவை அவர் தானம் எதுவும் கொடுக்கவில்லை. செல்லப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

செல்லப்பா விடுவிடென்று வெளியே வந்தார். வர்ஷினி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு அறையலாம் போலவும் வந்தது, அழலாம் போலவும் வந்தது.

“ஏம்மா? எல்லாம் உனக்குத் தெரியுமே! ஐம்பதும் தெரியுமே! ஏன் இப்படிப் பண்ணின?”

எப்போதும் இங்கிலீஷும் தெலுங்கும் கலந்து பதில் சொல்லும் பெண், அன்றைக்கு ஒரு வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னாள்.

“கூட்டத்துல நீங்க மேடத்தைப் பத்தி என்ன சொன்னீங்கன்னு நோவா சொன்னான்பா. மேடம் போனப்புறம் நான் ஐம்பது வாங்கினா, அவங்க சொல்லிக் கொடுத்தது சரியில்லைன்னு நீங்க சொன்னது நிஜம்னு ஆயிடும். அது பொய்யாவே இருக்கட்டும்னுதான் ஒண்ணு வாங்கினேன்.”

சொல்லிவிட்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் வண்டியை எடுக்கட்டும் என்று காத்திருந்தாள்.